சோற்றுக்காகக் கேட்ட கேள்விகள்

க்ளாரிஸ் லிஸ்பெக்டர் என்று பெயரைச் சொன்னால் போதும், நம் ஆட்கள் உடனே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். சாய்ந்த கண், கையில் சிகரெட், கீழே எந்தக் கதையிலிருந்து பிய்த்தது என்றே தெரியாத ஒரு வரி. 2015இல் அவருடைய சிறுகதைகள் மொத்தமாக ஆங்கிலத்தில் வந்த பிறகு இந்தப் பக்தி இன்னும் முற்றிவிட்டது. பக்தி இருந்துவிட்டுப் போகட்டும். ஆனா அந்த அம்மா வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தார்னு யாராவது கேட்டோமா?

1959இல் தூதரக அதிகாரியான கணவரைப் பிரிந்து, இரண்டு மகன்களோடு ரியோ டி ஜெனிரோவுக்குத் திரும்பியவர் அவர். நாவல் சோறு போடவில்லை. ஹெலன் பால்மர் என்ற புனைபெயரில் பெண்களுக்கு அழகுக் குறிப்பு எழுதினார். 1966இல் படுக்கையறையில் பிடித்த தீயில் வலது கை கருகியது. அந்தக் கையோடுதான் 1968இல் 'மன்ஷெச்சி' என்ற படப் பத்திரிகைக்குப் பேட்டி எடுக்கப் போனார். டாம் ஜோபிம், ஷிகோ புவார்க், நெல்சன் ரோட்ரிக்ஸ் என்று நாட்டின் பெரிய தலைகள் எல்லாம் வரிசையில்.

'அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு எழுதினது, இலக்கியத்தில் சேராது' என்கிறவர்களோடுதான் என் சண்டை.

அவர் திரும்பத் திரும்பக் கேட்டவை என்ன தெரியுமா? உலகத்தில் ரொம்ப முக்கியமானது எது? ஒரு தனிமனிதருக்கு முக்கியமானது எது? காதல் என்றால் என்ன? நேற்று வேலைக்குச் சேர்ந்த நிருபர் இதைக் கேட்டால் சிரிப்போம். ஆனால் க்ளாரிஸ் கேள்வியை மட்டும் நீட்டிவிட்டுச் சும்மா உட்காரவில்லை. தன்னைப் பற்றியும் பேசினார். முதலில் தன்னைத் திறந்து காட்டியதால்தான் எதிரில் இருந்தவர்களும் திறந்தார்கள் என்று அவரே பின்னால் எழுதினார். பேட்டியாளர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்ற பத்திரிகை விதியை அவர் மதிக்கவே இல்லை.

1964இல் வந்த 'ஜி. எச்.' நாவலில் ஒரு பெண், வேலைக்காரியின் அறையில் ஒரு கரப்பான்பூச்சிக்கு எதிரே நின்று கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். பூச்சியிடம் கேட்டால் தத்துவம், பாட்டுக்காரரிடம் கேட்டால் கூலிவேலையா?

1968 டிசம்பரில் ராணுவ அரசு ஐந்தாம் சட்டத்தைக் கொண்டுவந்து பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. அந்த நேரத்தில் போய்க் காதலைப் பற்றிக் கேட்பதா என்று கோபப்படலாம். நியாயமான கோபம்தான். எல்லாப் பேட்டியும் கனமானதும் இல்லை. ஆனால் அதே வருடம் ஜூனில் ரியோவில் நடந்த ஒரு லட்சம் பேர் பேரணியில் அவரும் நடந்தார். பயந்து ஒதுங்கியவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

இந்தப் பேட்டிகளில் பலவற்றை 1975இல் அவரே புத்தகமாக்கினார். அவருக்கே அது குப்பையாகத் தெரியவில்லை. 1977இல், கடைசி வருடத்திலும், இன்னொரு பத்திரிகைக்குப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் வெளிவந்த 'நட்சத்திரத்தின் நேரம்' நாவலின் நாயகி யார்? சம்பளம் போதாத ஒரு தட்டச்சுக்காரி. மாதக் கடைசி என்றால் என்னவென்று தெரிந்த கை எழுதியது அது. அந்தக் கையை மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் கொண்டாடுவது என்ன வாசிப்பு?