வற்றும் குட்டையும் வரித்தவளையும்

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில், மொண்ட்ரியால் நகரைச் சூழ்ந்த தாழ்நிலங்களில், மார்ச்சுத் திங்களின் இறுதியில் பனி முற்றும் உருகுமுன்னரே ஓர் ஒலி எழும். சீப்பின் பற்கள்மேல் நகத்தை மெல்ல இழுத்தால் பிறக்கும் ஓசையை அஃது ஒக்கும். ஒன்று தொடங்கப் பத்துத் தொடரும். பத்துத் தொடங்க நூறு கூடும். இரவின் அமைதியைக் குலைக்கும் அவ்வொலியைக் கேட்டுப் பேருயிர் ஒன்றைத் தேடிச் செல்வோர் ஏமாந்தே திரும்புவர். ஒலிப்பது ஓரங்குல நீளமும் ஏறத்தாழ ஒரு கிராம் எடையுமே உடைய ஒரு சிறு தவளை.

அதன் முதுகில் மூன்று கரிய வரிகள் உண்டு. மேலுதட்டில் ஒரு வெண்கோடு ஓடும். ஆங்கிலேயர் அதனை 'மேலைக் கூட்டிசைத் தவளை' என்னும் பொருள்பட வழங்குவர். பிரெஞ்சு மொழியினரோ 'பொய்ச் சிள்வண்டு' என்னும் அடைமொழி தந்து அழைப்பர். செவிக்கு ஏற்ற பெயர் பின்னதே.

தவளை தன் வாயால் கெடும் என்பது நம் நாட்டுப் பழமொழி. இத்தவளைக்கு அது பாதியே பொருந்தும். பாடுவன ஆண் தவளைகள் மட்டுமே. தொண்டைப்பை உப்ப அவை எழுப்பும் ஒலி கேட்டே பெண் தவளை துணையை நாடி வருகின்றது. பகைக்கு இடங்காட்டிக் கொடுப்பதும் அவ்வொலியே என்பது மெய். ஆயினும் அவ்வொலி அடங்குமாயின் இனமே அடங்கிவிடும் அன்றோ?

இதனினும் வியப்புக்குரியது அதன் குளிர்காலத் துயில். ஆழ்ந்த நீரின் அடியை நாடாமல், காட்டுச் சருகின் கீழும் வீழ்ந்த மரத்தின் அடியிலும் அது ஒடுங்கிக் கிடக்கும். குளிர் மிகுந்தவிடத்து அதன் உடல்நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைகின்றது, மூச்சு நின்றுவிடுகின்றது, நெஞ்சத் துடிப்பும் ஓய்கின்றது. கண்டோர் இறந்ததென்றே கருதுவர். ஆயின் உறைதல் தொடங்கிய அளவிலேயே கல்லீரல் குளுக்கோசு என்னும் சர்க்கரையை மிகுதியாகக் குருதியிற் கலக்கின்றது. அது உயிரணுக்களின் உட்புறம் உறையாவண்ணம் காக்கின்றது. பனிக்கட்டி அணுக்களுக்குப் புறத்தே நின்றுவிடுகின்றது. இளவெயில் பட்டதும் உடல் இளகி, நெஞ்சம் மீண்டும் துடிக்கத் தொடங்கும். சின்னாளில் அது குட்டையை அடைந்து பாடும்.

இனி, அக்குட்டையைப் பற்றிக் கூறவேண்டும். பனி உருகிய நீரும் மழைநீரும் தேங்கி நிற்கும் பள்ளமே அது, கோடையில் வற்றிவிடும். வற்றுகின்ற காரணத்தால் அதனைப் பயனற்ற நிலம் என்று மக்கள் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. வற்றுவதாலேயே அதில் மீன் வாழ்வதில்லை. மீன் இல்லாமையாலேயே நீர்த்தண்டுகளில் ஒட்டிய முட்டைகளும், பாசியை உண்டு வளரும் தலைப்பிரட்டைகளும் பிழைக்கின்றன. ஏறத்தாழ இரண்டு திங்களில் கால் முளைத்து அவை கரையேற வேண்டும். நீர் முந்தி வற்றினால் அவ்வாண்டுக் குஞ்சுகள் அனைத்தும் மடியும். பெரும்பாலான தவளைகளின் வாழ்நாளும் ஓராண்டளவே. ஆதலின் அடுத்தடுத்து இரண்டு தீய ஆண்டுகள் வரின் ஒரு குட்டையின் குடியே அற்றுப்போதல் கூடும். சில நூறு மீட்டர்த் தொலைவில் மற்றொரு குட்டை இருந்தாலன்றி அங்கு மீண்டும் ஒலி எழாது. ஒரு குட்டையைப் பூங்காவின் அணியாக விட்டுவிட்டு, சுற்றிலும் வீடும் சாலையும் அமைத்தல் காப்பாகாது. அதனை ஆழப்படுத்தி மீன் விடுவதோ கேட்டினும் கேடு.

மொந்தெரெஜி வட்டாரத்தில் இத்தவளை முன்பு பரவியிருந்த நிலப்பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிட்டது. நகரங்கள் விரிந்தமையும் உழவுமுறை மாறியமையுமே காரணம். 2010 இல் கனடா அரசு இதனைச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்த்தது. லா பிரேரி என்னும் ஊரில் இதன் குட்டைகள் இருந்த இடத்தில் வீடுகள் கட்ட முனைந்தபோது, அவசரப் பாதுகாப்பு ஆணை வேண்டுமெனச் சிலர் கேட்டனர். அமைச்சர் 2014 இல் மறுத்தார். 2015 இல் நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது. 2016 இல் ஏறத்தாழ இரண்டு சதுரக் கிலோமீட்டர் நிலத்தைக் காக்கும் ஆணை பிறந்தது. கட்டட நிறுவனத்தார் தொடுத்த வழக்கு 2018 இலும், மேல்முறையீடு 2020 இலும் தள்ளுபடியாயின.

ஒரு கிராம் உயிருக்காக மனிதர் வீடு நின்றுபோவதா என்று சினந்தோர் உண்டு. நிலத்தை விலைகொடுத்து வாங்கியவர் இழப்பீடு கேட்டதை எள்ளி நகையாடுதலும் தகாது. அவர் முறையீட்டில் ஒருபால் நியாயம் உண்டு. ஆயின் குறை தவளையின்பாலதன்று. வீட்டுக்கு வேறிடம் காணலாம். குட்டைக்கு வேறிடம் காண்டல் அரிது. குட்டைகள் எங்குள்ளன என்பதை இளவேனில் இரவில் செவிசாய்த்து நடந்தால் எவரும் அறியலாம். நிலத்தை விற்குமுன், வரைபடம் எழுதுமுன், அதனைக் குறித்து வைத்திருந்தால் வாங்கியவர்க்கும் இழப்பில்லை, வழக்கிற்கும் இடமில்லை.

அவ்வாறு செய்யப்படவில்லை. மொண்ட்ரியாலுக்கு எதிர்க்கரையில் உள்ள லோங்கேய் நகரிலும் ஒரு சாலையை நீட்டிக்கும் பணி தொடங்கிய பின்னரே, 2021 நவம்பரில், இரண்டாவது அவசர ஆணை பிறந்தது.