எம்.பி. எழுதினாலும் இதே பதில்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவான திஷாவின் கூட்டத்துக்கு மத்திய அரசுத் துறை அதிகாரிகள் வரவில்லை, வந்தவர்கள் கையிலும் விவரம் இல்லை என்று எம்.பி.க்கள் கண்டித்த செய்திகள் உங்கள் நாளிதழில் அவ்வப்போது வருகின்றன. கட்சிச் சண்டை என்று நினைத்துப் பலரும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், நாடாளுமன்றக் கேள்விகளுக்கு விவரம் திரட்டி அனுப்பும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதில் அடிபடுவது எம்.பி.யின் கௌரவத்தைவிட, அவரிடம் மனு கொடுத்த ஜனங்களின் காரியம் என்பதால் எழுதுகிறேன்.

எம்.பி.யிடமிருந்து வரும் கடிதத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு எழுத்துபூர்வமான நெறிமுறை இருக்கிறது. மத்தியப் பணியாளர் துறை 2011 டிசம்பர் 1 அன்று அனுப்பிய அலுவலகக் குறிப்பின்படி, கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகை போக வேண்டும். அடுத்த 15 நாளில் பதில் போக வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்தால், எந்தத் தேதிக்குள் பதில் தரமுடியும் என்பதை இடைக்காலப் பதிலிலேயே சொல்ல வேண்டும். அதிகாரி இல்லாத நேரத்தில் எம்.பி. தொலைபேசியில் தகவல் விட்டிருந்தால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

நடப்பது என்ன? எங்கள் பகுதியில் மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் ஆம்புலன்ஸும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் மனுவை இணைத்து எம்.பி. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினார். ஒப்புகை வரவில்லை. நினைவூட்டல் போன பிறகு, மாதங்கள் கழித்து, “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு வரிப் பதில் வந்தது. யார் பரிசீலிக்கிறார்கள், மதிப்பீடு தயாரா, நிதி எங்கே நிற்கிறது என்று எதுவுமே அதில் இல்லை. அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேறு துறைகளுக்கு மனு கொடுத்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இதே வாசகத்தை மக்களவையில் அமைச்சர் சொல்லியிருந்தால் கதை வேறு. 1953 முதல் இயங்கிவரும் அரசு உறுதிமொழிகள் குழு அதை உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றியாக வேண்டும், இல்லையேல் காரணம் சொல்லிக் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். தவறான விவரம் கொடுத்துவிட்டால் அமைச்சரே அவையில் திருத்த அறிக்கை வைக்க நேரும். அதனால்தான், அமைச்சர் அவையில் நேரில் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்வி ஒன்று வந்துவிட்டால் அலுவலகத்தில் விளக்கு அணையாது. துணைக் கேள்விகள் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசித்துக் குறிப்பு தயாரிப்போம். ஒவ்வொரு எண்ணையும் கள அலுவலகத்தோடு ஒத்துப் பார்ப்போம். அவ்வளவு கவனமாக வேலை செய்யத் தெரிந்த அதே ஊழியர்கள்தான், எம்.பி. கடிதத்துக்கு அச்சில் வார்த்த பதிலை அனுப்புகிறார்கள். வேலை தெரியாமல் அல்ல, கேட்பார் இல்லாததால்.

இன்னொரு காரணமும் உண்டு. எம்.பி.யிடம் “முடியாது” என்று சொல்ல அதிகாரிகள் தயங்குகிறார்கள். சொன்னால் பகை வருமோ என்ற பயத்தில் கோப்பை இழுத்தடிக்கிறார்கள். என் அனுபவத்தில் எம்.பி.க்கள் அதிகம் கோபப்பட்டது மறுப்புக்காக அல்ல, மௌனத்துக்காக. இன்ன விதிப்படி இதற்கு இடமில்லை என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தால், அந்த விதியை மாற்றச் சொல்லி அவர் அமைச்சரிடம் போகலாம், மக்களவை விதி 377-ன் கீழ் அவையில் எழுப்பலாம். சட்டமும் கொள்கையும் அவர் கையில்; களத்தின் உண்மை நிலவரம் அதிகாரி கையில். அதை மறைத்துவிட்டால் அவர் எதை வைத்துப் பேசுவார்? தொகுதி மேம்பாட்டு நிதியிலும் இதுதான் சிக்கல். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கான பணிகளை எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், ஒப்புதல் தருவது மாவட்ட நிர்வாகம். ஏற்க முடியாத பணி என்றால் உடனே சொல்லிவிட்டால் வேறொரு பணியைப் பரிந்துரைப்பார். அவர் பதவிக்காலமே ஐந்து ஆண்டுதான்.

மொழி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. சி.ஆர்.பி.எஃப். தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் கேட்டு மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் 2020-ல் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு உள்துறையிலிருந்து இந்தியில் பதில் வந்தது. அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1976-ம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்பது அந்த விதிகளின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மக்களவை உறுப்பினர் தனக்கு வந்த பதிலைப் படிப்பதற்காக நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது என்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு!

அதிகாரிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஊழியரை ஒருமையில் பேசும் எம்.பி.க்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், தன் இடமாறுதலுக்கு எம்.பி.யின் சிபாரிசை நாடும் ஊழியர்களும் இருக்கிறார்கள். நடத்தை விதிகள் அதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. இன்று சலுகை கேட்டவர் நாளை “முடியாது” என்று எப்படி எழுதுவார்? ஆளுங்கட்சி எம்.பி.க்கு ஒரு வேகம், எதிர்க்கட்சி எம்.பி.க்கு ஒரு வேகம் என்று கோப்பு நகர்வதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தொகுதியிலும் வரி கட்டுகிறவர்கள்தான் வாழ்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 7.21 கோடி மக்களுக்கு மக்களவையில் 39 பேர். ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 18.5 லட்சம் பேர். அத்தனை பேரின் மனுவும் ஒன்றிரண்டு உதவியாளர்கள் இருக்கும் ஓர் அலுவலகத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஆகவே, மத்திய அரசு அலுவலகம் ஒவ்வொன்றும், எம்.பி. கடிதம் வந்த தேதி, ஒப்புகை போன தேதி, பதில் போன தேதி மூன்றையும் தன் இணையதளத்தில் மாதந்தோறும் வெளியிட வேண்டும். தொகுதி எம்.பி. அலுவலகத்தோடு பேசப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பதவியையும் தொலைபேசி எண்ணையும் அங்கேயே போட வேண்டும். திஷா குழுவின் உறுப்பினர் செயலர் மாவட்ட ஆட்சியர்தான். காலாண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டிய அந்தக் கூட்டத்துக்கு முடிவெடுக்கும் நிலையில் உள்ள அதிகாரி வந்தாரா, கீழ்நிலை ஊழியரை அனுப்பினாரா என்ற வருகைப் பதிவையும், போன கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளின் நிலையையும் ஆட்சியர்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். திஷா பதிவுகளை வெளியிட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த கூட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்,
திருச்சி.