மூணு செகண்ட்: யாரோட வாட்ச்ல?

உங்க ஃபீட்லயும் வந்திருக்கும். மூன்று டன், நான்கு டன் எடையுள்ள ஒரு எலெக்ட்ரிக் பிக்அப், பக்கத்தில் நிற்கிற ஸ்போர்ட்ஸ் காரை ஓரங்கட்டிவிட்டுப் பறக்கும். ஸ்கிரீன் மூலையில் பெரிய எழுத்தில் "0-60: 3 செகண்ட்". அடுத்த நாள் கேன்டீனில் சண்டை: ரிவியனா, சைபர்ட்ரக்கா, ஹம்மரா? இந்தச் சண்டையில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கிறதில்லை. அந்த மூணு செகண்டை எங்கேயிருந்து எண்ண ஆரம்பிச்சாங்க?

கேட்டுப் பாருங்க, சுவாரசியமா இருக்கும். டெஸ்லா தன் சைபர்பீஸ்ட் மாடலுக்கு 2.6 செகண்ட் என்கிறது. பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி. கீழே போய்த் தேடினால் "ரோல்அவுட் கழிக்கப்பட்டது" என்று இருக்கும். இது அமெரிக்காவின் டிராக் ரேஸ் பாதையிலிருந்து வந்த பழக்கம். அங்கே தொடக்கக் கோட்டில் ஒரு ஒளிக்கற்றை இருக்கும். முன் டயர் அதை மறைத்தபடி நிற்கும். டயர் நகர்ந்து ஒளி மறுபடி தெரியும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் வண்டி சுமார் ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர், நகர்ந்திருக்கும்.

ஒரு அடிதானே? லெவன்த் பிசிக்ஸை எடுங்க. முடுக்கம் 1 ஜி (இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு "முடுக்கம்" என்ற சொல்லே இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் கிடைத்தது, அழகான சொல்), தூரம் 0.3 மீட்டர். அதைக் கடக்க 0.25 செகண்ட் ஆகும். கடக்கும்போது வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 9 கி.மீ., மைலில் சொன்னால் ஐந்துக்கு மேல். ஆக பேரு 0-60, நிஜத்தில் அது 5-60. 2.6 என்பது 2.85 ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட பத்து சதவீதம் காணாமப் போச்சு. நம்ம லேப் ரெக்கார்டில் இப்படிக் கழித்துவிட்டு எழுதினால் கையெழுத்து கிடைக்குமா?

ரோல்அவுட்டே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத்துக்குப் போன நம்ம சீனியர்களைக் கேளுங்க. ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிப்படி ஆக்ஸிலரேஷன் போட்டி 75 மீட்டர். கார் கோட்டுக்கு 0.3 மீட்டர் பின்னால்தான் நிற்கணும், கோட்டைத் தாண்டும்போதுதான் நேரம் தொடங்கும். அதே ஒரு அடி! ஆனால் அது ரூல் புக்கில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கு. ஒரு கம்பெனி கழித்த எண்ணையும் இன்னொரு கம்பெனி கழிக்காத எண்ணையும் ஒரே டேபிளில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போதுதான் பிரச்சினை.

இதைவிடப் பெரிய கூத்து 2023 நவம்பர் 30 அன்று நடந்தது. சைபர்ட்ரக் டெலிவரி தொடக்க விழாவில் டெஸ்லா ஒரு வீடியோ போட்டது. சைபர்ட்ரக் ஒரு போர்ஷே 911-ஐ டிரெய்லரில் இழுத்துக்கொண்டே, பக்கத்தில் ஓடும் இன்னொரு 911-ஐ முந்துகிறது. கால் மைல் தூரத்தில் இது நடக்கும் என்று மேடையில் ஈலான் மஸ்க் சொன்னார். வீடியோவைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது: பந்தயம் முடிந்த இடம் அரைக்கால் மைல், வெறும் 201 மீட்டர். ஏன் அந்த இடம்? ஆரம்பத்தில் எலெக்ட்ரிக் மோட்டாருக்கு டார்க் அள்ளிக் கொடுக்கும், நான்கு டயருக்கும் பிடி கிடைக்கும், டிரக் முன்னாடி போகும். வேகம் ஏற ஏற கணக்கு மாறும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், பின்னாடி தொங்குகிற டிரெய்லர் எடையும் சேர்ந்து இழுக்கும். அந்த நேரத்தில் போர்ஷே விரட்டிக்கொண்டு வரும். எங்கே நிறுத்தணும்னு முடிவு பண்றவர் கையில்தான் ஜெயிப்பது யாருங்கிறதும் இருக்கு.

ஹம்மர் ஈவி கதை வேற ரகம். 2020-ல் அறிமுகம் செய்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் சொன்ன டார்க் 11,500 பவுண்ட்-அடி, நம்ம அலகில் சுமார் 15,600 நியூட்டன் மீட்டர். வாயைப் பிளக்காதீங்க. அது மோட்டாரின் டார்க் அல்ல, கியர் பெருக்கிய பிறகு சக்கரத்தில் கிடைப்பது. இதே முறையில் நம்ம ஊர் குட்டி ஹேட்ச்பேக்கையும் அளக்கலாம். இன்ஜின் 100 நியூட்டன் மீட்டர், முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்த்து 15 மடங்கு என்றால், சக்கரத்தில் 1,500. அமெரிக்காவின் பெரிய டீசல் பிக்அப்கள் இன்ஜினுக்குப் போடுகிற எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால் ஹேட்ச்பேக்கில் படகு இழுக்கலாம்னு யாராவது கிளம்புவாங்களா?

அந்த ஹம்மரில் வேகமான ஸ்டார்ட்டுக்குத் தனி மோடு உண்டு. சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, பேட்டரியையும் மோட்டாரையும் தயார் செய்து, பிறகுதான் பாய விடும். பெட்ரோல் வண்டிக்கு காற்றழுத்தம், வெப்பநிலை பார்த்து நேரத்தைத் திருத்துவார்கள். எலெக்ட்ரிக்குக் காற்று தேவையில்லை, ஆனால் சார்ஜ் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு சூடு என்பது தேவை. 95 சதவீதத்தில் முதல் ஓட்டமா, 30 சதவீதத்தில் ஐந்தாவது ஓட்டமா என்று சொல்லாத எண் பாதி எண்தான். போன் ஆப்பில் அளந்தேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போன் ஜிபிஎஸ் பெரும்பாலும் செகண்டுக்கு ஒரு தடவைதான் அப்டேட் ஆகும். மூணு செகண்ட் சமாச்சாரத்தை அதில் அளப்பது, மார்க்கிங் இல்லாத குச்சியால் தீப்பெட்டியை அளப்பது மாதிரி.

சரி, இதெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் என் முக்கியமான சண்டை பாக்கி இருக்கு. பிக்அப் எதுக்கு? சுமக்க, இழுக்க. காலி வண்டி எவ்வளவு வேகமா பாயும்னு அளப்பது, பளு தூக்கும் வீரரை வெறுங்கையோடு ஓட விட்டு மார்க் போடுவதுபோல.

இதற்கு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கு. எஸ்ஏஇ ஜே2807. வண்டி தனக்கு அறிவித்த அதிகபட்ச எடையுள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு 60 மைல் வேகத்தை எட்டணும். சாதாரண பிக்அப்புக்கு 30 செகண்ட் டைம். ஆமா, மூணு இல்ல, முப்பது. அப்புறம் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றம்: 11.4 மைல், வெளியே 38 டிகிரி வெயில், ஏசி முழுசா ஓடணும், வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கவே கூடாது. மூணு செகண்ட் பாய்ச்சலில் எந்த பேட்டரியும் வேர்க்காது. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இந்த ஏற்றத்தில் இழுத்தால்தான் கூலிங் சிஸ்டம் வடிவமைத்தவருக்கு வேலை தெரியுமா இல்லையானு தெரியும்.

"ஜாலிக்குத்தானேடா, விடேன்" என்பான் என் ரூம்மேட். அமெரிக்காவில் நிறைய பிக்அப்கள் காலியாகத்தான் ஓடுகின்றன, நெடுஞ்சாலையில் சட்டென்று சேர அந்த வேகம் உதவும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஹம்மர் ஈவி 4,100 கிலோவுக்கு மேல், பேட்டரி மட்டுமே 1,300 கிலோ. 2023 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி இந்த எடையைக் குறிப்பிட்டுத்தான் கவலை தெரிவித்தார். 60 மைல் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 1.47 மெகாஜூல், 1,000 கிலோ ஹேட்ச்பேக்கைப் போல நாலு மடங்கு. எதிரே சைக்கிளில் வருகிறவருக்கு அது ஜாலி இல்ல. பாய்ச்சலைப் பெருசா அச்சடிக்கிறவங்க, 60-லிருந்து நிற்க எத்தனை மீட்டர் ஆகும் என்பதையும் அதே சைஸ் எழுத்தில் போடட்டும்.

பிளேஸ்மென்ட் முடிந்து நம்மில் சிலர் டெஸ்டிங் டீமில்தான் உட்காரப் போறோம். ஸ்பெக் ஷீட்டுக்கு எண் கொடுக்கும் மெயில் நம்மகிட்டேயிருந்துதான் போகும். மார்க்கெட்டிங் ஆள் வந்து "அந்த கால் செகண்டைக் கழிச்சுக்கலாமே" என்று சிரித்தபடி கேட்பார்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். எலெக்ட்ரிக் பிக்அப் ஒன்று ஃபுல் டிரெய்லரோடு டேவிஸ் டேம் ஏறும் வீடியோ, கட் பண்ணாதது, உங்க கண்ணில் பட்டால் எனக்கு அனுப்புங்க. இருபது நிமிஷம் ஓடினாலும் பரவாயில்ல, உட்கார்ந்து பார்க்கிறேன்.