தெரியாத ஊரில் ஒரு விடியப்புறம்

தோழிகளே, 2017 மே மாத வெள்ளத்தின்போது கிளிநொச்சியிலிருந்து பன்னிரண்டு பெண்களாக மாத்தறைக்குப் போனோம். விடியப்புறம் பஸ்ஸால் இறங்கினால் கடைப் பலகைகள் எல்லாம் சிங்களத்தில். எனக்கும் சிங்களம் அரைகுறைதான்.

"பிள்ளை, எங்களை ஆரெண்டு கேட்டால் என்ன சொல்லுறது?" என்றார் கூட வந்த அக்கா. என்னிடமும் பதில் இருக்கவில்லை.

நில்வளா கங்கை வடிந்து வீடுகளுக்குள் சேறு நின்றது. நான் அரிசி, பருப்புப் பட்டியலோடு நின்றேன். அக்காவோ தன் பையிலிருந்து உள்ளாடைகளையும் மாதவிடாய்த் துணிகளையும் எடுத்து, ஓர் இளம்பெண்ணின் கையில் பொத்திக் கொடுத்தார். 2009இல் முகாமில் அவர் கேட்க வெட்கப்பட்டவை அவை. (என் சமூகவியல் பட்டம் இதைச் சொல்லித் தரவில்லை.)

அந்தப் பெண் அழுதாள். யாரென்று கேட்கவில்லை. அக்கா மண்வெட்டியை எடுத்தவர், மத்தியானம்வரை கீழே வைக்கவில்லை.