நீச்சல் குளம் சிந்திக்கக் கற்றுத் தருமா?

ஆண்டு 6 படிக்கும் என் தம்பிக்கு எங்கள் வீட்டில் இடைநிலைப்பள்ளி தேடும் படலம் தொடங்கிவிட்டது. அவன் தமிழ்ப்பள்ளி மாணவன். எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்காமல் விடமாட்டான். அந்தப் பழக்கம் மங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்பா தனியார் பள்ளிகளை நாடுகிறார். படிவம் 1 முதல் 5 வரை, ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்டக் கூடுதல் நேரம் வேலை செய்யவும் தயாராக இருக்கிறார்.

அவருடைய ஆசையில் நியாயம் உண்டு. ஆனால் பள்ளிகளின் விளம்பரக் கையேடுகளைப் படித்தபோது எனக்கு ஐயம் எழுந்தது. எல்லாவற்றிலும் ‘சுயசிந்தனை’, ‘ஆய்வுச் சிந்தனை’ என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பக்கத்தைத் திருப்பினால் நீச்சல் குளம், குளிர்சாதன வகுப்பறை, எஸ்பிஎம் தேர்வில் எத்தனை ‘ஏ’ என்ற பட்டியல். மாணவர்களுக்குச் சிந்திக்க எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

கட்டணம் உயர்ந்தால் சிந்தனையும் உயரும் என்று நான் நம்பவில்லை. 15 வயது மாணவர்களுக்கான 2022 பீசா ஆய்வில் படைப்பாக்கச் சிந்தனையும் சோதிக்கப்பட்டது. 60 புள்ளிகளில் சிங்கப்பூர் 41 பெற்று முதலிடம் பிடித்தது. மலேசியா பெற்றது 25. சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அரசாங்கப் பள்ளிகளிலும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளிலும்தான். ஆக, சிந்தனை தனியார் பள்ளிகளின் தனிச்சொத்து அல்ல.

என் பல்கலைக்கழக வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன். ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு முரண்பட்ட செய்திகளைக் கொடுத்து, “எதை நம்புவீர்கள், ஏன்?” என்று விரிவுரையாளர் கேட்டார். வகுப்பே அமைதியானது. முதலில் கை உயர்த்தியவர் சிறுநகர அரசாங்கப் பள்ளியிலிருந்து வந்த தோழி. அவர் பள்ளியில் ஓர் ஆசிரியர் வாரந்தோறும் விவாதம் நடத்துவாராம்.

அதற்காகத் தனியார் பள்ளியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில பாடத்திட்டங்கள் சிந்திப்பதைக் கட்டாயமாக்குகின்றன. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஐபி டிப்ளோமா படிப்பில், மாணவர் தாமே ஒரு கேள்வியை எழுப்பி 4,000 சொற்களுக்குள் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஆனால் எந்தப் பாடத்திட்டமும் ஆசிரியரின் கையில்தான் உயிர்பெறும். அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, திருத்திய கட்டுரை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சரி, தவறு என்ற குறிகள் மட்டுமா, ‘இதற்கு என்ன ஆதாரம்?’ போன்ற ஆசிரியர் குறிப்பும் இருக்கிறதா? இரண்டாவது, வகுப்பில் இருபது நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். யார் அதிகம் பேசுகிறார்கள், தவறான பதில் சொன்ன மாணவர் எப்படி நடத்தப்படுகிறார் என்று கவனியுங்கள். மூன்றாவது, முதல்வரைவிட அங்குள்ள மாணவரிடம் கேளுங்கள்: “ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசினால் என்ன நடக்கும்?” அவர் பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

கூடவே, தமிழ் பாடமாக இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஆறு ஆண்டுகள் தமிழில் கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்த மொழியை விடச் சொல்வது பாதிக் கேள்விகளை விடச் சொல்வது போலத்தான்.

“தேர்வில் ‘ஏ’ வந்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். யுபிஎஸ்ஆர் 2021இலும் பிடி3 2022இலும் நீக்கப்பட்டன. எஸ்பிஎம் தாள்களிலேயே உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் வருகின்றன. மனப்பாடம் மட்டும் இனித் தேர்வுக்கே போதாது.

கடைசியாக, நம் வீடுகளில் அடிக்கடி விடுபடும் ஒன்று. சுயமாகச் சிந்திக்க வேண்டும் என்று பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறோம். எந்தப் பள்ளி வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடம் மட்டும் கேட்பதில்லை. பன்னிரண்டு வயதில் முடிவெடுக்க முடியாமல் இருக்கலாம். தனக்கு எது பிடிக்கிறது, எது பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியும்.

பல வீடுகளில் ஆங்கிலக் கையேட்டைப் படித்துப் பெற்றோருக்கு விளக்குவது அக்காவோ அண்ணனோதான். அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்தால், மொழிபெயர்ப்போடு நின்றுவிடாதீர்கள். தம்பி தங்கையையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்விகளை நீங்கள் கேளுங்கள். கேள்வி கேட்பவர்களை அந்தப் பள்ளி எப்படி வரவேற்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.