450 வாட்ஸ்னு எழுதியிருந்தது

நம்ம டிபார்ட்மென்ட் குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடும்: "மச்சி, 70 ஆயிரத்துல கேமிங் பி.சி. போடணும், லிஸ்ட் குடு." லிஸ்ட்டும் வரும். பிராசஸருக்கு அரை மணி நேரம் சண்டை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு ராத்திரி முழுக்கச் சண்டை. கடைசி வரியில் மட்டும் "எஸ்.எம்.பி.எஸ்.: ஏதாவது 450 வாட்ஸ்" என்று இருக்கும். அந்த "ஏதாவது"தான் எனக்குப் பிரச்சினை.

போன வருஷம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். கேபினெட்டோட சேர்த்துக் கொடுத்த எஸ்.எம்.பி.எஸ்., மேல பெரிய எழுத்துல 450. பத்து மாசம் ஓடுச்சு. ஒரு மே மாசச் சாயங்காலம், கேம் நடுவுல டப்புன்னு ஒரு சத்தம், கருகின வாசனை. அது மட்டும் போயிருந்தா பரவாயில்ல, மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. அப்பா ஹார்பர்ல ஓ.டி. பார்த்துச் சேர்த்த காசு அது. அப்பா ஒண்ணுமே சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்தது.

அப்புறம்தான் அந்த லேபிளை ஒழுங்கா படிச்சேன். 12 வோல்ட் கட்டத்துல 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, 192 வாட்ஸ். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுசா 12 வோல்ட்லதான் ஓடுது. மீதி வாட்ஸ் எல்லாம் நமக்குப் பெருசா வேலையே இல்லாத 3.3, 5 வோல்ட் கட்டங்கள்ல எழுதிச் சேர்த்த கணக்கு. நாலு செமஸ்டர் சர்க்யூட் படிச்சவன் நான், இந்த ஒரு பெருக்கலைக் கடையிலேயே போட்டிருக்கலாம்.

சரி, எவ்வளவுதான் தேவை? ஐ5-12400எஃப் உச்சத்துல 117 வாட்ஸ். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115. ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு 50, 60 வைங்க. 300-ஐத் தாண்டல. என்விடியாவே அந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் போதும்னு சொல்லுது. ஆக, 12 வோல்ட்லயே 500க்கு மேல தர்ற ஒரு நேர்மையான 550 போதும். "எதுக்கும் 750 போட்டுக்கோ"ன்னு சொல்ற சீனியர் உங்க காசுல தைரியசாலி ஆகுறார், அவ்வளவுதான்.

கோல்டு ஸ்டிக்கர் மோகமும் அப்படித்தான். 80 பிளஸ் பிரான்ஸ் பாதி லோடுல 85 சதவீதம், கோல்டு 90. 300 வாட்ஸ் லோடுல வித்தியாசம் 20 வாட்ஸ். தினம் நாலு மணி நேரம் விளையாடினாலும் வருஷத்துக்கு 30 யூனிட்கூட வராது. அந்த ஸ்டிக்கர் எவ்வளவு கரண்ட் வீணாகுதுன்னு மட்டும்தான் சொல்லும், பாதுகாப்பைப் பத்திப் பேசாது. 2021ல ஜிகாபைட்டோட பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் வெடிச்சு பெரிய செய்தியாச்சே, ரெண்டும் கோல்டுதான். ஓவர்லோடானா கட் ஆகுற அளவு 120 முதல் 150 சதவீதம் வரைக்கும் இருந்ததை, அப்புறம் 110 முதல் 120க்கு இறக்கினாங்க. ஸ்டிக்கர் நிறத்தைவிட, கம்பெனி அஞ்சு வருஷ வாரன்ட்டி தருதான்னு பாருங்க.

இதெல்லாம் யூடியூப்லயே கிடைக்கும். ஆனா அந்த வீடியோ எடுக்கிறவங்க யாரும் தண்டையார்பேட்டைல குடியிருக்கல.

1970லயே எண்ணூர்ல அனல்மின் நிலையம் வந்த பக்கம் நம்மது. இருந்தாலும் கோடையில ஏழு மணிக்கு எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓட ஆரம்பிச்சா எங்க தெரு டியூப்லைட் கண்ணடிக்கும். அதனால நான் லேபிள்ல முதல்ல பார்க்கிறது இன்புட் வரியைத்தான். சிலதுல 100-240 வோல்ட்னு இருக்கும், சிலதுல 200-240 மட்டும். வோல்டேஜ் 180க்கு இறங்குற தெருவுல ரெண்டாவதை வாங்குறது வீண். ஒரே வாட்ஸ், கிட்டத்தட்ட ஒரே விலைல ரெண்டுமே கடையில இருக்கும், கேட்டு வாங்கணும்.

வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா அதையும் பாருங்க. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ல இருக்கிற ஆக்டிவ் பி.எஃப்.சி. சர்க்யூட்டுக்குப் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஒத்துக்காது. கரண்ட் போற நேரத்துல அது தாக்குப்பிடிக்கிறதும் சுமார் 16 மில்லிசெகண்ட்தான், நம்ம கரண்ட்டோட ஒரு சைக்கிளுக்கும் குறைவு. இன்வெர்ட்டர் அதுக்குள்ள மாறலைன்னா பி.சி. அணைஞ்சுடும். "என் சீப் எஸ்.எம்.பி.எஸ். இன்வெர்ட்டர்ல ஓடுது, உன் காஸ்ட்லி ஓடல"ன்னு ஒருத்தன் சிரிப்பான். அவன் சொல்றது உண்மைதான், ஆனா காரணம் அவனுக்குத் தெரியாது.

கடைசியா எர்த். எங்களது லைன் வீடு, ஆறு குடித்தனம். துடைக்கும்போதெல்லாம் அம்மா சொல்லுவாங்க, "டேய், அந்தப் பெட்டி சுர்ருன்னு இழுக்குதுடா." நான் நம்பல. எஸ்.எம்.பி.எஸ். உள்ள இருக்கிற ஃபில்டர் கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்கு விடும். எர்த் இல்லைன்னா கேபினெட் மேலேயே மெயின்ஸ்ல பாதி வோல்டேஜ் நிக்கும். ஓட்டம் சின்னதுதான், ஆனா ஈரக்கையில நல்லாவே தெரியும். எலக்ட்ரீஷியன் அண்ணன் பிளக் பாயிண்ட்டைக் கழட்டிக் காட்டினார். மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்ல. எத்தனை ஆயிரத்துக்கு எஸ்.எம்.பி.எஸ். வாங்கினாலும் அந்த ஓட்டை அப்படியேதான் இருந்திருக்கும்.

மெட்ரோவுல அரசினர் தோட்டம் போய் இறங்கி, ரிச்சி தெருவுல ரெண்டாவது எஸ்.எம்.பி.எஸ். வாங்குறதுக்கு முன்னாடி, ஹவுஸ் ஓனர் அக்காகிட்ட பேசி எர்த் பைப் இறக்க வெச்சோம். செலவை ஆறு வீடும் பங்கு போட்டுக்கிட்டோம். முதல்ல முணுமுணுத்த பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் சொன்னாங்க, அவங்க வாஷிங் மெஷின்லயும் இப்போ ஷாக் அடிக்கிறதில்லையாம்.