விளக்கு யாருடைய கண்ணுக்கு?

அமெரிக்காவில் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புநீர் நிரப்பி, உயிருள்ள பவளங்களை வளர்ப்போர் பலர் உண்டு. எல்.இ.டி. விளக்குகள் பெருகிவிட்ட இந்நாளிலும் தொட்டியின் மேல் குழல் விளக்கையே மாட்டுவோர் அவர்களில் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் கடையில் முதலில் கேட்பது, ‘எது பளிச்சென்று எரியும்? எத்தனை வாட்?’ என்பதுதான். இவ்விரண்டும் தவறான கேள்விகள் என்பது என் கருத்து.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் தயாரிக்கும் உணவே பவளத்துக்குப் பெரும்பங்கு ஆகாரம். ஆகவே தொட்டியின் விளக்கு அலங்காரம் அன்று; பவளத்தின் சோறு.

கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது. நீலமே ஆழத்தை எட்டுகிறது. பாசியின் நிறமிகளும் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்கு ஏற்கின்றன. நம் கண்ணோ 555 நானோமீட்டர் அளவுள்ள பச்சை ஒளியில்தான் கூர்மையாகப் பார்க்கிறது. விளக்குப் பெட்டியில் அச்சிடும் ‘லூமென்’ கணக்கும் மனிதக் கண்ணை வைத்துப் போட்டதே. அதனால் 420 நானோமீட்டரில் உச்சம் கொண்ட ‘ஆக்டினிக்’ குழல் நமக்கு மங்கலாகத் தெரியும். பாசிக்கோ அது நல்ல தீனி.

வாட் என்பது செலவாகும் மின்சாரத்தின் அளவு; பவளத்தை எட்டும் ஒளியின் அளவு அன்று. குழல் எல்லாத் திசையிலும் ஒளி வீசும். மேலே போகும் பாதியைக் கீழே திருப்ப, ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியே வளைந்த பளபளப்பான தகடு வேண்டும். 38 மில்லிமீட்டர் பருமனுள்ள பழைய குழலைவிட 16 மில்லிமீட்டர் ‘டி-5’ குழல் இதற்கு ஏற்றது. திரும்பும் ஒளி குழலிலேயே முட்டி வீணாவது அதில் குறைவு.

‘அப்படியானால் ஒளியைக் கூட்டிக்கொண்டே போகலாமே!’ என்பீர்கள். கூடாது. ஒளி மிகுந்தால் பவளம் தன் பாசிகளை இழந்து வெளுக்கும், நீடித்தால் மடியும். கிளைப் பவளமான அக்ரோப்போராவுக்கு வேண்டும் ஒளி, காளான் பவளத்துக்கு மிகை. ஆகவே வளர்க்கப்போகும் இனத்தை முதலில் முடிவு செய்து, ஒளித்துகள்களை எண்ணும் கருவியால் பவளம் இருக்கும் இடத்திலேயே அளந்து பார்த்து விளக்கைத் தேர்வதே முறை. குழலின் உட்பூச்சும் நாளாக ஆக நலியும். கண்ணுக்கு அது தெரியாது, கருவிக்குத் தெரியும்.

பாதரசம் அடங்கிய நீள்குழல் விளக்குகளின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்த, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. நாளை எல்.இ.டி. மட்டுமே எஞ்சினாலும் இந்தக் கேள்வி மாறாது.

நம் நாட்டில் கற்பவளங்களுக்கு 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் காப்பு உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து அவற்றை எடுத்துவந்து வளர்க்க முடியாது. ஆனால் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு செடிக்கு விளக்கு வைக்கும்போதும் இதே கேள்வியை நீங்கள் கேட்கலாம்: இந்த வெளிச்சம் யாருக்காக?